300-ஐ 450 ஆக்கிய கதை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். மற்றவர்கள் பாதியில் விட்டாலும் பரவாயில்லை. 1999-2000-இல் நம் பள்ளியில் படித்தவர்கள் மட்டும் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கை பேரன் போன் செய்தான். பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். அக்கா பயன்படுத்திய லேப்டாப் இப்போது அவன் கைக்கு வந்திருக்கிறது. "தாத்தா, இதுல 1.6 கிகாஹெர்ட்ஸ்னு போட்டிருக்கு. ஆன் பண்ணினா 3.4 காட்டுது. கேம் போட்டா கொஞ்ச நேரத்துல 2-க்கு வந்துடுது. சும்மா வெச்சிருந்தா 0.8. எதுதான் நெஜம்? ஃப்ரெண்டு ஒருத்தன் ஓவர்கிளாக் பண்ணித் தர்றேங்கிறான். பண்ணலாமா?" என்றான்.

பண்ணாதே என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். அந்த வயதில் சொன்னால் கேட்பார்களா? நான் 40 வயதைத் தாண்டியும் கேட்கவில்லை. அதனால் சாயங்காலம் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டு, பழைய நினைவுகளை எல்லாம் கிளறினேன். அவனுக்குச் சொன்னதைத்தான் இன்னும் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் மணிக்கணக்கு. ப்ராசசருக்குள் ஒரு மணி ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கிறது. வினாடிக்கு 10 லட்சம் முறை அடித்தால் 1 மெகாஹெர்ட்ஸ். 100 கோடி முறை அடித்தால் 1 கிகாஹெர்ட்ஸ். 3 கிகாஹெர்ட்ஸில் ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவில் ஒளியே 10 சென்டிமீட்டர்தான் போகும். அந்த நேரத்துக்குள் ஒரு வேலை முடிந்தாக வேண்டும்.

பரீட்சை ஹாலை நினைத்துக்கொள்ளுங்கள். மணி அடித்ததும் கண்காணிப்பாளர் விடைத்தாள்களை வாங்கிக்கொண்டு போய்விடுவார். முடித்தாயா என்று கேட்க மாட்டார். முடித்தவன் தாளும் முடிக்காதவன் தாளும் ஒரே கட்டில்தான் போகும். ப்ராசசரும் அப்படித்தான். கூட்டல் முடிவதற்குள் மணி அடித்துவிட்டால், பாதியில் இருக்கும் விடையே விடையாகப் போய்விடும். பெரும்பாலான இடங்களில் அதைச் சரிபார்க்க ஆளே கிடையாது.

அதனால் ஹாலிலேயே மிக மெதுவாக எழுதுகிறவனும் முடிக்கும்படி மணியை வைக்க வேண்டும். அதற்கு மேல் கொஞ்சம் மிச்ச நேரமும் வேண்டும். ஏனென்றால் சூடு ஏறினால் அவன் இன்னும் மெதுவாவான். மின்னழுத்தம் குறைந்தால் மெதுவாவான். வயதானாலும் மெதுவாவான். தொழிற்சாலை போட்டுக் கொடுக்கும் வேகம் என்பது இந்த மிச்சத்தையும் சேர்த்துத் தரும் வாக்குறுதி. ஓவர்கிளாக் செய்கிறவன் அந்த மிச்சத்தில் கை வைக்கிறான். இந்த வரலாறு முழுக்கவே அந்த மிச்சம் யார் கையில் இருந்தது என்ற கதைதான்.

1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அதென்ன 4.77? அமெரிக்கக் கலர் டிவியின் அலைவரிசைக்குப் பொருந்துகிற 14.318 மெகாஹெர்ட்ஸ் படிகம் ஒன்றை மதர்போர்டில் வைத்து, அதையே மூன்றால் வகுத்து ப்ராசசருக்குக் கொடுத்தார்கள். ஒரே படிகத்தில் இரண்டு வேலை. உள்ளே இருந்த இன்டெல் 8088 அதைவிட வேகமாக ஓடக்கூடியதுதான். படிகம் மிச்சம் பிடித்ததால் வந்த எண் அது.

1984-இல் ஐபிஎம் ஏடி வந்தது. 80286 ப்ராசசர், 6 மெகாஹெர்ட்ஸ். அதிலிருந்த 12 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைப் பிடுங்கிவிட்டு 16 போட்டால் 8 மெகாஹெர்ட்ஸ் ஆகிவிடும் என்று ஜனங்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். சில டாலர் செலவில் மூன்றில் ஒரு பங்கு வேகம் கூடுதல். ஐபிஎம்முக்கு இது பிடிக்கவில்லை. அடுத்து வந்த ஏடிகளில், மெஷின் எழும்போதே வேகத்தை அளந்து பார்த்து, அதிகமாக இருந்தால் மேற்கொண்டு போகாதபடி பூட்டு வைத்தது. பிறகு தானே 8 மெகாஹெர்ட்ஸ் ஏடியை விற்றது.

அப்போதைய மெஷின்களில் டர்போ என்று ஒரு பொத்தான் இருந்தது நினைவிருக்கிறதா? நம் லேபில் போகிறவன் வருகிறவன் எல்லாம் அழுத்துவீர்கள். பெயரைப் பார்த்தால் வேகம் கூட்டும் பொத்தான் போல இருக்கும். உண்மையில் அது வேகத்தைக் குறைக்கத்தான் வைத்தது. பழைய விளையாட்டுகள் 4.77 மெகாஹெர்ட்ஸை நம்பி எழுதப்பட்டவை. புது மெஷினில் போட்டால் ஆட்டம் கண்ணுக்கே தெரியாத வேகத்தில் முடிந்துவிடும். அதற்காக மெஷினைப் பழைய வேகத்துக்கு இறக்க ஒரு வசதி.

90-களில் விஷயம் பெரிதானது. மதர்போர்டில் ஜம்பர் என்று குட்டிப் பிளாஸ்டிக் தொப்பி இருக்கும். எந்த இரண்டு ஊசிகளின் மேல் செருகுகிறோமோ அதைப் பொறுத்து வேகம் மாறும். ப்ராசசர்கள் பெரிய சிலிக்கான் வட்டில் ஒன்றாகத்தான் உருவாகின்றன. வெட்டி எடுத்து ஒவ்வொன்றாகச் சோதித்து, இது இவ்வளவு தாங்கும் என்று தரம் பிரித்து எண் போடுவார்கள். உற்பத்தி நன்றாக இருக்கும் மாதத்தில் அநேகமாக எல்லாமே அதிக வேகம் தாங்கும். ஆனால் சந்தைக்குக் குறைந்த விலைச் சரக்கும் வேண்டுமே? நல்ல ப்ராசசருக்கே சின்ன எண்ணைப் போட்டு விற்பார்கள். இதைத் தெரிந்துகொண்டு பல நாடுகளில் ஒரு மோசடித் தொழிலே நடந்தது. குறைந்த வேக ப்ராசசரின் மேலிருக்கும் எண்ணைச் சுரண்டிவிட்டுப் பெரிய எண்ணை அச்சிட்டு விற்றார்கள். அதைத் தடுக்க இன்டெல் பெருக்கல் எண்ணை உள்ளேயே பூட்டியது.

பூட்டாமல் விட்ட வழி ஒன்று இருந்தது. 1998 ஆகஸ்டில் செலரான் 300ஏ வெளிவந்தது. மதர்போர்டு கொடுக்கும் அடிப்படைத் துடிப்பு 66 மெகாஹெர்ட்ஸ், அதை 4.5-ஆல் பெருக்கினால் 300. பெருக்கல் எண்ணை மாற்ற முடியாது. ஆனால் ஒரு ஜம்பரை மாற்றி 66-ஐ 100 ஆக்கினால்? 450. அதே மாதம் வந்த பென்டியம் 2-இன் உச்ச வேகமும் 450. செலரான் சுமார் 150 டாலர், பென்டியம் 650 டாலருக்கு மேல். செலரானில் இருந்த 128 கிலோபைட் கேஷ் சின்னதுதான், ஆனால் ப்ராசசரின் முழு வேகத்திலேயே ஓடும். பென்டியத்தில் 512 இருந்தாலும் பாதி வேகம்தான். ஏழை வீட்டுப் பையன் பணக்காரன் வீட்டுப் பையனுக்குச் சமமாக ஓடினான். உலகம் முழுக்க கம்ப்யூட்டர் பைத்தியங்கள் இதைத் திருவிழாவாகக் கொண்டாடினார்கள்.

நம் பள்ளிக்கு 1999-இல் வாங்கிய அசெம்பிள்டு மெஷினில் இருந்தது அந்த 300ஏ-தான்.

ஒரு பத்திரிகையில் இதைப் படித்தேன். இயற்பியல் வாத்தியாருக்கு கை சும்மா இருக்குமா? ஒரு சனிக்கிழமை மதியம் கேபினட்டைத் திறந்து ஜம்பரை மாற்றினேன். ஆன் செய்ததும் திரையில் 450 என்று வந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை! ஆசிரியர் அறையில் ஒரு வாரம் இதையே பேசிக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியரிடம் பள்ளிக்கு முந்நூறு விலையில் நானூற்றைம்பது வாங்கிக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். மெஷினும் நன்றாகத்தான் ஓடியது.

அந்தக் காலாண்டுத் தேர்வு மதிப்பெண்களை ஃபாக்ஸ்ப்ரோவில் ஏற்றினோம். தட்டச்சு நன்றாகத் தெரிந்த பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் எனக்கு உதவிக்கு வந்தான். பள்ளி விட்ட பிறகு ஆறரை மணிவரை உட்கார்ந்து பத்தாம் வகுப்பு முழுவதையும் அவன்தான் ஏற்றினான். பட்டியல் வெளியான மறுநாள் ஒரு அப்பா பள்ளிக்கு வந்தார். அவர் மகள் கணக்கில் 34, தோல்வி. 35 தேர்ச்சி என்பது உங்களுக்குத் தெரியும். முந்தின இரவு வீட்டில் அந்தப் பெண்ணுக்கு அடி விழுந்திருக்கிறது. கையெழுத்துப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் 74. அப்புறம் முழுவதும் ஒப்பிட்டதில் இன்னொரு மாணவனின் 65, பட்டியலில் 25 என்று இருந்தது.

நான் அந்தத் தட்டச்சுப் பையனை எல்லார் முன்னாலும் திட்டினேன். "சரியாத்தான் சார் அடிச்சேன், ரெண்டு தடவை பார்த்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். பொய் வேறு சொல்கிறாயா என்று கேட்டேன். கம்ப்யூட்டர் ரூம் பக்கமே வராதே என்று அனுப்பிவிட்டேன். அவனும் அதன்பின் வரவில்லை.

அந்த நாளை இங்கே நிறுத்திவிட்டு, மறுவருடம் அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

2000 மார்ச் 6-ஆம் தேதி ஏஎம்டி நிறுவனம் 1 கிகாஹெர்ட்ஸ் அத்லானை அறிவித்தது. இரண்டே நாளில் இன்டெல்லும் 1 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3-ஐ அறிவித்தது. அந்தப் பந்தய வெறியில் ஜூலை 31-இல் 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 வந்தது. டாம்ஸ் ஹார்ட்வேர் நடத்திய தாமஸ் பாப்ஸ்ட் அதை வாங்கிச் சோதித்தார். லினக்ஸ் கெர்னலை கம்பைல் செய்யச் சொன்னால் பாதியில் விழுந்தது. மற்றவர்களுக்கும் இதே அனுபவம். ஆகஸ்ட் 28-ஆம் தேதி இன்டெல் அந்த ப்ராசசரையே திரும்பப் பெற்றுக்கொண்டது. வீட்டில் நாம் செய்வதையே தொழிற்சாலை செய்தது என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். மிச்சத்தையெல்லாம் எடுத்து விற்றுவிட்டார்கள். எவ்வளவு ஓடினாலும் ஒரு கனமான வேலையில்தான் குட்டு வெளிப்படும் என்பதையும் கவனியுங்கள்.

மைக்ரோசாஃப்டில் வேலை செய்யும் ரேமண்ட் சென் என்பவர் 2005-இல் எழுதியது இன்னும் சுவாரசியம். விண்டோஸ் நொறுங்கி விழும்போது அனுப்பப்படும் அறிக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அறிக்கையில் நொறுங்கிய இடம், ப்ராசசர் தன் உள்ளேயே ஓர் எண்ணைப் பூஜ்யமாக்கும் கட்டளை. மெமரியைத் தொடாத, தவறவே வாய்ப்பில்லாத கட்டளை. அது எப்படித் தவறும்? விசாரித்ததில், இப்படி நடக்க முடியாதது நடந்த மெஷின்கள் எல்லாம் ஓவர்கிளாக் செய்யப்பட்டவை. வேடிக்கை என்னவென்றால் சில பேருக்குத் தங்கள் மெஷின் ஓவர்கிளாக் ஆகியிருப்பதே தெரியாது. விற்றவர் செய்து கொடுத்திருக்கிறார். 2011-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் சுமார் 10 லட்சம் பிசிக்களின் அறிக்கைகளை அலசி, கொஞ்சமே ஓவர்கிளாக் செய்தாலும் நம்பகத்தன்மை தெளிவாகக் குறைகிறது என்றார்கள். விதித்த வேகத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக ஓட்டினால் கூடுகிறது என்றும் கண்டார்கள்.

ரேமண்ட் சென் எழுதியதை நான் படித்தது ஓய்வு பெற்ற பிறகு. படித்து முடித்ததும் ஒரு காகிதத்தில் 7-ஐயும் 3-ஐயும் இரும எண்ணில் எழுதிப் பார்த்தேன்.

7 என்பது 111. 3 என்பது 011.

6 என்பது 110. 2 என்பது 010.

74 என்பது 34 ஆனதும், 65 என்பது 25 ஆனதும், ஒரே ஒரு இடத்தில் 1 இருந்த இடத்தில் 0 விழுந்ததால். இரண்டிலும் அதே இடம். ஃபாக்ஸ்ப்ரோ எண்களை ஒவ்வொரு இலக்கமாக, எழுத்துகளைப் போலத்தான் சேமிக்கும். அதனால் ஒரு துளி மாறினால் ஓர் இலக்கம் மாறும். மற்ற இலக்கம் அப்படியே இருக்கும். கீபோர்டில் 7 எங்கே, 3 எங்கே? எண் பலகையில் ஒன்று மேல் இடது மூலை, மற்றது கீழ் வலது மூலை. கை தவறி அடிக்கிற தூரமா அது?

குற்றவாளி செலரான் கூட இல்லை என்று நினைக்கிறேன். அது 450-ஐத் தாங்கும் ரகம். ஆனால் அடிப்படைத் துடிப்பை 100 ஆக்கியபோது மெமரியும் சேர்ந்து 100-க்கு ஓடியது. நம் மெஷினில் இருந்தது 66-க்கான மெமரி. 300ஏ-க்கு அது போதும் என்று கொடுத்த கடைக்காரர் மேல் தப்பில்லை. நான்தான் வண்டிக்காரனைக் கேட்காமல் மாட்டை விரட்டியவன். மறுவருட வெயிலில் மெஷின் அடிக்கடி உறைந்து நின்றது. சர்வீஸுக்கு வந்த தம்பி ஜம்பரைப் பழைய இடத்தில் போட்டுவிட்டுப் போனார். அதன்பின் ஒரு மதிப்பெண்கூட மாறவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பேரனின் கேள்வி லேப்டாப்பைப் பற்றியது. அங்கே கதை வேறு மாதிரி போகிறது. லேப்டாப்பில் பிரச்சினை பாட்டரியும் சூடும்தான். பிளஸ் டூ இயற்பியல் நினைவிருக்கிறவர்களுக்கு ஒரு சூத்திரம்: ப்ராசசர் தின்னும் மின்திறன், துடிப்பையும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. 2000 ஜனவரியில் இன்டெல் ஸ்பீட்ஸ்டெப் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. லேப்டாப் பென்டியம் 3, பிளக்கில் இருக்கும்போது 650 மெகாஹெர்ட்ஸ், 1.6 வோல்ட். பிளக்கைப் பிடுங்கியதும் 500 மெகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட். கணக்குப் போட்டுப் பாருங்கள். வேகம் 23 சதவீதம் குறைகிறது. மின்திறன் 45 சதவீதம் குறைகிறது. அதே மாதம் டிரான்ஸ்மெட்டா என்ற சின்ன நிறுவனம் குரூசோ ப்ராசசரை அறிவித்தது. அதில் வேலைக்குத் தக்கபடி வேகமும் மின்னழுத்தமும் தானாகவே படிப்படியாக ஏறி இறங்கும். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அப்போது அங்கேதான் வேலை பார்த்தார். நிறுவனம் நிலைக்கவில்லை. யோசனை எல்லா லேப்டாப்பிலும் நிலைத்துவிட்டது. பேரன் பார்த்த 0.8 அதுதான். ஏமாற்று இல்லை, ஓய்வு.

சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால் ஓவர்கிளாக்கின் விலை தெரியும். வேகத்தை 10 சதவீதம் கூட்டி, அது தாங்குவதற்காக மின்னழுத்தத்தையும் 10 சதவீதம் கூட்டினால், சூடு 33 சதவீதம் கூடும். மின்னழுத்தம் கூட்டுவதில் இன்னொரு கேடு. ப்ராசசருக்குள் இருக்கும் கம்பிகள் முடியைவிடப் பல மடங்கு மெல்லியவை. அவற்றில் ஓடும் எலக்ட்ரான்கள், ஆற்று வெள்ளம் மணலை அரிப்பது போல உலோக அணுக்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு போகும். சூடு கூடினால் அரிப்பும் கூடும். 2002-இல் வந்த பென்டியம் 4 நார்த்வுட் வகைக்கு 1.7 வோல்ட்டுக்கு மேல் கொடுத்து ஓட்டினவர்களுக்கு, மாதக் கணக்கில் நன்றாக ஓடிய ப்ராசசர் ஒரு நாள் அப்படியே செத்தது. திடீர் நார்த்வுட் மரணம் என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

அந்த பென்டியம் 4-இன் கதையே தனி. 1974-இல் ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்டும் கூட்டாளிகளும் ஒரு விதி சொன்னார்கள். டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது மின்னழுத்தத்தையும் குறைத்துக்கொண்டே போனால், வேகம் கூடும், ஆனால் ஒரே பரப்பில் உண்டாகும் சூடு கூடாது. முப்பது வருடம் அந்த விதியின் புண்ணியத்தில்தான் 5 மெகாஹெர்ட்ஸ் 3000 மெகாஹெர்ட்ஸ் ஆனது. பிறகு மின்னழுத்தத்தை இறக்க முடியாத எல்லை வந்துவிட்டது. அதற்குக் கீழே போனால் டிரான்சிஸ்டர் சரியாக மூடாமல் ஒழுக ஆரம்பிக்கும். 2001-இலேயே இன்டெல்லின் பாட் கெல்சிங்கர், இப்படியே போனால் சிப்பின் சூட்டு அடர்த்தி அணு உலையைத் தாண்டி, ராக்கெட் வாயைத் தாண்டி, சூரியனின் மேற்பரப்புக்குப் போய்விடும் என்று எச்சரித்தார். 2004 அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐ இன்டெல் கைவிட்டது. தலைவர் கிரெய்க் பாரெட் ஒரு கூட்டத்தில் மேடையிலேயே மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். விளையாட்டாகத்தான் செய்தார். ஆனாலும் செய்தார்.

அதன்பின் ஒரே ப்ராசசருக்குள் இரண்டு மூளை, நான்கு மூளை என்று வைக்க ஆரம்பித்தார்கள். அப்போது ஒன்று கவனித்தார்கள். நான்கு மூளைக்கும் வேலை இருக்கும் நேரம் குறைவு. மூன்று தூங்கும்போது அவற்றுக்கான மின்திறனையும் குளிர்ச்சியையும் நான்காவதற்குக் கொடுத்தால் என்ன? 2008-இல் மேசைக் கணினியிலும் 2009-இல் லேப்டாப்பிலும் டர்போ பூஸ்ட் வந்தது. 2009-இன் லேப்டாப் ஐ7-720க்யூஎம் பெயரளவில் 1.6 கிகாஹெர்ட்ஸ், தேவைப்பட்டால் 2.8. பழைய டர்போ பொத்தானின் பெயர்தான், ஆனால் இதை அழுத்துவது நாம் இல்லை. ப்ராசசரே வினாடிக்குப் பல முறை தன் சூட்டையும் மின்னோட்டத்தையும் அளந்து முடிவெடுக்கிறது. நாம் ஜம்பரில் தேடிய மிச்சத்தை இப்போது தொழிற்சாலையே எடுத்து நமக்குத் தருகிறது.

பேரனுடைய ப்ராசசர் ஐ5-8250யூ, 2017-இல் வந்தது. 15 வாட்டில் நாள் முழுக்க ஓடக்கூடிய வேகம் 1.6. அது அடிப்படை வாக்குறுதி. குளிர்ந்திருக்கும்போது கொஞ்ச நேரம் 15 வாட்டைத் தாண்டி 3.4 வரை ஓட அனுமதி. சூடு ஏறியதும் தானே இறங்கும். 100 டிகிரியை நெருங்கினால் கட்டாயம் இறங்கும். அதனால் அவன் பார்த்த நான்கு எண்ணும் நிஜம்தான்.

ஆனால் 1.6-க்கும் கீழே, கனமான வேலையின்போதே இறங்கினால் அது கோளாறு. 2018 ஜூலையில் புது மேக்புக் ப்ரோவில் இது நடந்தது. 2.9 கிகாஹெர்ட்ஸ் என்று விற்ற ஐ9 ப்ராசசர், வீடியோ வேலையில் அதற்கும் கீழே போனது. லேப்டாப்பை ஃப்ரீசருக்குள் வைத்து ஓட்டினால் வேலை சீக்கிரம் முடிகிறது என்று ஒருவர் படம் பிடித்துக் காட்டினார். ஒரு வாரத்தில் ஆப்பிள், சூட்டைக் கையாளும் மென்பொருளில் குறை இருந்ததை ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டது.

லேப்டாப்பில் ஓவர்கிளாக் செய்யும் உரிமை பற்றிய சண்டையும் நடந்திருக்கிறது. 2015 பிப்ரவரியில் என்விடியா, லேப்டாப் கிராஃபிக்ஸ் சிப்களில் வேகம் கூட்டும் வழியை டிரைவர் மூலம் அடைத்தது. லேப்டாப்கள் அதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல என்று காரணம் சொன்னது. வாங்கினவர்கள் கொதித்தெழ, சில நாளிலேயே திரும்பத் தருவதாகச் சொல்லிவிட்டது. என் கணிப்பில் என்விடியா சொன்ன காரணம் சரி, அடைத்த விதம் தப்பு. காசு கொடுத்து வாங்கின பிறகு கதவை மூடுவது நியாயமில்லை.

மின்னழுத்தத்தைக் குறைத்து ஓட்டுவது பலருக்குத் தெரிந்த தந்திரம். லேப்டாப் குளிர்ச்சியாக இருக்கும். அதிலும் ஒரு வில்லங்கம் வந்தது. 2019 டிசம்பரில் பர்மிங்ஹாம், கிராஸ், லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிளண்டர்வோல்ட் என்ற தாக்குதலை வெளியிட்டார்கள். சரியான நேரத்தில் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கினால் ப்ராசசர் பெருக்கலைத் தப்பாகப் போடுகிறது. அந்தத் தப்பான விடைகளை வைத்தே பூட்டி வைத்த ரகசியச் சாவிகளைக் கணக்கிட்டு எடுத்துவிட்டார்கள். அதன்பின் பல லேப்டாப்களில் இந்த வசதி பூட்டப்பட்டது.

தொழிற்சாலையே மிச்சத்தைச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பது 2024-இல் மறுபடி தெரிந்தது. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணினி ப்ராசசர்கள் 6 கிகாஹெர்ட்ஸ் வரை போயின. விளையாட்டுகள் நடுவில் நொறுங்கின. ப்ராசசர் தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டு வாங்கியதும், அதனால் உள்ளே மணியடிக்கும் சுற்றே தேய்ந்துபோனதும் காரணம் என்று இன்டெல் சொன்னது. மென்பொருள் திருத்தம் கொடுத்தார்கள், உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டினார்கள். ஏற்கெனவே தேய்ந்ததைத் திருத்தத்தால் சரி செய்ய முடியாது. லேப்டாப் ப்ராசசர்களுக்கு இந்தக் குறை இல்லை என்பது இன்டெல்லின் கூற்று.

நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும் ஃபேஸ்புக்கிலும் ஒன்று நடந்தது. ஓவர்கிளாக் இல்லை, சாதாரணமாக ஓடிய சர்வர். சில கோப்புகள் காணாமல் போயின. தேடித் தேடி, ஒரு ப்ராசசரின் ஒரே ஒரு மூளை மட்டும் 1.1-இன் 53-ஆம் அடுக்குக்கு 0 என்று விடை தருவதைக் கண்டுபிடித்தார்கள். முழு எண்ணில் 156 வர வேண்டும். மற்ற கணக்குகளை அது சரியாகவே போட்டது. 2021-இல் அதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். படித்ததும் எனக்கு நம் 74-தான் ஞாபகம் வந்தது.

பேரனுக்குச் சொன்னது இவ்வளவுதான். உன் 8250யூ-வில் பெருக்கல் எண் பூட்டியிருக்கிறது, மேலே ஏற்றவே முடியாது. உன் ஃப்ரெண்டு செய்யப்போவது 15 வாட் வரம்பை உயர்த்துவது. அது கூடுதல் சூடு. மெல்லிய பெட்டிக்குள் பக்கத்திலேயே பாட்டரி இருக்கிறது, அது சூட்டில் சீக்கிரம் வயதாகும். ஃபேனைத் திறந்து தூசி தட்டு, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்று, மெத்தை மேல் வைத்து ஓட்டாதே. செய்துவிட்டு 2 என்பது 2.4 ஆகிறதா என்று பார்த்துச் சொல் என்றேன். நேற்று செய்தி அனுப்பியிருந்தான். ஃபேனுக்குள் இருந்து ஒரு சின்ன எலி அளவுக்குப் பஞ்சு வந்ததாம். அக்கா அதைப் பூனையோடு மடியில் வைத்துப் பயன்படுத்தியிருக்கிறாள்.

இனி 1999-2000 மாணவர்களுக்கு. அன்றைக்கு வீட்டில் அடி வாங்கிய பெண் இந்தக் குழுவில்தான் இருக்கிறாள். அவளிடம் போன மாதமே போனில் சொல்லிவிட்டேன். சிரித்துவிட்டு, "எனக்கு அது மறந்தே போச்சு சார்" என்றாள். தட்டச்சு செய்த பையன் பெயரை இங்கே எழுத மாட்டேன். உங்களுக்கே தெரியும். பள்ளியை விட்டுப் போன பிறகு அவன் எந்த ஆண்டுவிழாவுக்கும் வந்ததில்லை. யாராவது அவனோடு தொடர்பில் இருந்தால் இந்தப் பதிவை அவனுக்கு அனுப்பி வையுங்கள். அந்த 3-ஐ அவன் அடிக்கவில்லை, ஜம்பரை மாற்றியது நான் என்று சொல்லுங்கள். என் போன் எண் மாறவில்லை, அதே பழைய எண்தான்.